தலை அரிப்பு: வீட்டில் செய்யக்கூடியதும் செய்யக் கூடாததும்

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களிடம் என்ன குறை என்று கேட்டால் வீடு, தண்ணீர், தொழில், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் சொல்வார்கள். தலை அரிப்பை ஒரு குறையாக யாரும் சொல்வதில்லை. ஆனால் இரவில் பிள்ளை தூங்காமல் தலையைச் சொறிந்துகொண்டிருப்பதை எல்லாத் தாய்மாரும் அறிவார்கள். சொறிந்த இடம் புண்ணாகிறது. புண்ணில் சீழ் கட்டுகிறது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் தள்ளி உட்காருகிறார்கள். வெட்கத்தால் பெண்பிள்ளை பாடசாலைக்குப் போக மறுக்கிறாள். கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று மண்ணெண்ணெயோ, தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்தோ தலையில் ஏறுகிறது. அரிப்பில் தொடங்கியது உயிருக்கு ஆபத்தாக முடிவது இப்படித்தான்.

தலை அரிப்புக்குக் காரணம் ஒன்றல்ல. பேன், பொடுகு, படர்தாமரை, சிரங்குப் புண், தலைச்சாயத்தின் ஒவ்வாமை என்று பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பேனுக்கான மருந்து பொடுகைத் தீர்க்காது. பொடுகு ஷாம்பு படர்தாமரையைத் தீர்க்காது. ஆகவே முதலில் அடையாளம் காண வேண்டும். அதன்பிறகுதான் மருந்து. இந்தக் கட்டுரையில் நாம் அந்த அடையாளங்களையும், வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சையையும், தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டிய நிலைகளையும் பார்ப்போம்.

ஏன் இந்த இடங்களில் கூடுகிறது?

பேன் அழுக்கினால் வருகிறது என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. இது தவறு. சுத்தமான தலையிலும் பேன் வாழும். பேன் பறக்காது, குதிக்காது. ஒரு தலை இன்னொரு தலையோடு ஒட்டும்போது ஊர்ந்து மாறுகிறது. ஆகவே நெருக்கமே முதற் காரணம்.

லயக் காம்பராவில் நெருக்கத்துக்குக் குறைவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பாட்டி, தாய், மூன்று பிள்ளைகள் ஒரே பாயில் படுப்பது மலையகத்தில் புதிதல்ல. இடம்பெயர்ந்தால் அந்த நெருக்கம் இரண்டு மடங்காகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபின், உயிர் தப்பியவர்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் நெடுநாள் தங்க வேண்டியிருந்தது. புதிய வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகளைச் சரித்தபோது, பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் மண்டபங்களும் மீண்டும் குடும்பங்களால் நிரம்பின. ஒரு மண்டபத்தில் பல குடும்பங்கள் அருகருகே படுக்கும்போது ஒரு பிள்ளையின் பேன் ஒரு வாரத்தில் பத்துப் பிள்ளைகளின் பேனாகிவிடும். இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

இரண்டாவது காரணம் குளிர். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹற்றன், தலவாக்கலை பக்கமும் காலையில் பீலித் தண்ணீர் உறைக்கும். அந்தக் குளிரில் தலைக்குக் குளிப்பது தள்ளிப்போகிறது. விறகுக்குத் தட்டுப்பாடு என்றால் சுடுதண்ணீரும் இல்லை. எண்ணெயும் வியர்வையும் தலையில் தங்க, பொடுகு பெருகுகிறது.

மூன்றாவது காரணம் தொழில். கொழுந்து பறிக்கும் பெண்கள் காலை முதல் மாலை வரை தலையில் துணி கட்டியிருக்கிறார்கள். மழையில் நனைந்த துணி உடம்பின் சூட்டிலேயே காய்கிறது. கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுந்தி உரசுகிறது. மரக்கறித் தோட்டத்தில் மருந்து அடிப்பவரின் தொப்பியிலும் துணியிலும் மருந்து ஊறுகிறது.

முதலில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்

மங்கிய விளக்கொளியில் தலை பார்க்க வேண்டாம். பகல் நேரத்தில் வாசலில் பிள்ளையை உட்கார வையுங்கள். முடியைச் சிறு சிறு வகிடாகப் பிரித்து, காதுக்குப் பின்புறம், பிடரி, உச்சி, நெற்றி ஓரம் என்ற ஒழுங்கில் பாருங்கள். ஐந்து கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? தட்டினால் விழுகிறதா, விழ மறுக்கிறதா?
2. தோலில் செதில் இருக்கிறதா? அது எண்ணெய்ப் பசையான மஞ்சளா, காய்ந்த வெள்ளையா, தடித்த வெள்ளித் தகடு போன்றதா?
3. முடி உதிர்ந்த வட்டம் உண்டா?
4. சீழ், தேன் நிறப் பொருக்கு, நீர்க் கசிவு உண்டா?
5. பிடரியிலோ காதுக்குப் பின்னாலோ நெறி கட்டியிருக்கிறதா?

ஒருவருக்கு மட்டுமா, வீட்டில் பலருக்கா என்றும் கேளுங்கள். பலருக்கு ஒரே நேரத்தில் அரிப்பு என்றால் பேன் அல்லது சிரங்கு என்று முதலில் நினைக்க வேண்டும்.

பேனும் ஈரும்

பேன் எள்ளளவு இருக்கும். வெளிச்சத்தைக் கண்டால் விலகி ஓடும். ஆகவே பேனைக் காண்பதைவிட ஈரைக் காண்பது எளிது. ஈர் முடியின் அடியில் பசையால் ஒட்டியது போல இருக்கும். ஊதினாலும் தட்டினாலும் விழாது. பொடுகுச் செதில் அப்படியல்ல, விரலால் தட்டினால் விழும். இந்த ஒரு சோதனையே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

ஈர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தலைத்தோலிலிருந்து கால் அங்குலத்துக்குள் இருக்கும் ஈரே பெரும்பாலும் உயிருள்ளது. முடி வளர வளர ஈரும் மேலே போகிறது. தோலிலிருந்து தள்ளி இருக்கும் வெள்ளை ஈர் பொரித்துப்போன வெறும் கூடு. அதற்காக மருந்து போட வேண்டியதில்லை.

பேனின் வாழ்க்கையை அறிந்தால் சிகிச்சை விளங்கும். ஈர் 7 முதல் 10 நாட்களில் பொரிக்கிறது. வெளிவந்த குஞ்சு மேலும் ஏறத்தாழ 9 முதல் 12 நாட்களில் வளர்ந்த பேனாகி முட்டையிடத் தொடங்குகிறது. வளர்ந்த பேன் தலையில் ஒரு மாதம் வரை வாழும். தலையை விட்டு விழுந்தால் இரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் சாகும். ஒரே நாள் பேன் பார்த்துவிட்டு விட்டால் ஏன் மீண்டும் வருகிறது என்பதற்கு இதுதான் விடை. அன்று பேன் போயிருக்கும், ஈர் போயிருக்காது.

இன்னொன்றும் உண்டு. முதன்முறை பேன் பிடித்தவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் கூட ஆகலாம். ஆகவே அரிக்கவில்லை என்பதால் பேன் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோருடைய தலையையும் பாருங்கள்.

ஈரச் சீப்பு முறை

பணம் அதிகம் தேவையில்லாத, கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாதுகாப்பான முறை இது. தேவையானவை நெருங்கிய பல்லுள்ள பேன் சீப்பு, ஒரு வெள்ளைத் துணி, கண்டிஷனர் அல்லது தேங்காய் எண்ணெய், பொறுமை.

1. தலையைச் சாதாரண ஷாம்புவால் கழுவி, ஈரம் இருக்கும்போதே கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். தண்ணீர் குறைவென்றால் முடியை நனைத்துத் தேங்காய் எண்ணெய் பூசினாலும் போதும். முடி வழுக்கினால் பேன் பிடித்து ஓட முடியாது.
2. பெரிய பல் சீப்பால் சிக்கெடுங்கள்.
3. பேன் சீப்பைத் தோலில் படும்படி வைத்து, முடியின் நுனி வரை ஒரே இழுப்பில் கொண்டுவாருங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள்.
4. தலை முழுவதும் ஒருமுறை முடிந்ததும் இன்னொரு முறை செய்யுங்கள். நீண்ட முடிக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.
5. இதையே 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் மீண்டும் செய்யுங்கள். 17ஆம் நாள் சரி பாருங்கள். இடையில் பொரிக்கும் குஞ்சுகள் முட்டையிடும் வயதுக்கு வருமுன் சீப்பில் அகப்பட்டுவிடும்.

நான்கு நாட்களும் தவறாமல் செய்வதில்தான் பலன் இருக்கிறது. இரண்டாம் முறைக்குப்பின் அரிப்புக் குறைந்ததும் நிறுத்திவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

மருந்து தேவைப்பட்டால்

பாமசியில் கிடைக்கும் 1 சதவீத பெர்மெத்திரின் திரவம் பேனுக்கானது. ஷாம்புவால் மட்டும் கழுவித் துவட்டிய தலையில் பூசி 10 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். ஏழு முதல் ஒன்பது நாள் சென்றபின் இரண்டாம் முறை பூச வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குடும்பநல மருத்துவமாதுவிடம் கேட்ட பின்பே பாவிக்க வேண்டும். மருந்து பூசும்போது கண்ணைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பேன் இல்லாதவருக்கு ‘முன்கூட்டியே’ பூசுவதால் பயனில்லை.

சில இடங்களில் பேன் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. இரண்டு முறை பூசியும் உயிருள்ள பேன் ஓடினால், மூன்றாம் முறை அதையே பூசாமல் டிஸ்பென்சரியில் கேளுங்கள், அல்லது ஈரச் சீப்பு முறைக்கு மாறுங்கள்.

சீப்பு, ரிபன், தலைத்துணி ஆகியவற்றைக் கை பொறுக்காத சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். தலையணை உறையையும் போர்வையையும் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். மழைக்காலத்தில் வெயில் இல்லையா? ஒரு பையில் கட்டி இரண்டு வாரம் வைத்தால் போதும். வீடு முழுக்கப் பூச்சி மருந்து விசிற வேண்டாம். பேன் தரையில் வாழ்வதில்லை.

பேன் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறிக்க வேண்டியதில்லை. மொட்டையடிப்பது பேனைப் போக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஊரை விட்டு வந்து ஏற்கனவே நொந்திருக்கும் பெண்பிள்ளைக்கு அது இன்னொரு தண்டனை. சீப்பால் முடியக்கூடியதைச் சவரக் கத்தியால் செய்ய வேண்டாம்.

பொடுகு

சொடுகு என்றும் இதைச் சொல்வார்கள். எல்லோருடைய தலைத்தோலிலும் வாழும் மலசீசியா என்ற நுண்ணிய பூஞ்சணம், தோலில் சுரக்கும் எண்ணெயை உண்டு பெருகும்போது பொடுகு உண்டாகிறது. இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயல்ல. செதில் தோளில் உதிரும். கூடினால் தோல் சிவந்து, எண்ணெய்ப் பசையுள்ள மஞ்சள் செதில் புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்புறம் வரை வரும். குளிர்காலத்திலும் மனக்கவலையிலும் கூடும்.

தலை காய்ந்திருப்பதால் பொடுகு வருகிறது என்று நினைத்து எண்ணெயை மேலும் மேலும் பூசுகிறோம். செதில் சற்று நேரம் படிந்து மறையும், பொடுகு போகாது. தலையில் நாட்கணக்கில் எண்ணெயைத் தேக்கி வைப்பது பூஞ்சணத்துக்கே உதவலாம். தடித்த செதிலை இளக்குவதற்கு எண்ணெய் பூசினால் ஒரு மணி நேரத்தில் கழுவிவிடுங்கள்.

கீட்டோகொனசோல் 2 சதவீதம் உள்ள ஷாம்பு நல்ல பலன் தரும். வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் பாவிக்க வேண்டும். பூசியவுடன் கழுவினால் காசு வீண். தோலில் படும்படி தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். குறைந்தபின் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ போதும். சிங்க் பைரித்தியோன் உள்ள ஷாம்பு பக்கற்றுகளும் இலேசான பொடுகுக்கு உதவும். பொடுகு முற்றாக ஒழியும் நோயல்ல, கட்டுப்படுத்தி வைக்கும் நோய். மீண்டும் வந்தால் மனம் சோர வேண்டாம்.

துணி துவைக்கும் சவர்க்காரத்தால் தலை கழுவாதீர்கள். அது தோலை வறட்டி அரிப்பைக் கூட்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கும் சூட்டில் குளித்தால் அரிப்பு அப்போதைக்கு அடங்கி, பிறகு இரட்டிப்பாகும்.

கைக்குழந்தையின் உச்சியில் மஞ்சள் பொருக்காகப் படிவதும் இதே இனத்தைச் சேர்ந்தது. அது தாயின் பாலாலோ கண்ணேறாலோ வருவதல்ல. சிறிது எண்ணெய் பூசி இளகவிட்டு, மெல்லிய துணியால் துடைத்து, குழந்தைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். நகத்தால் பிய்க்க வேண்டாம். சில மாதங்களில் தானாகவே மறையும்.

படர்தாமரை

இது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவது. வட்டமாக முடி உதிர்ந்து, அந்த இடம் செதிலாக இருக்கும். உற்றுப் பார்த்தால் முடி தோலோடு முறிந்து கரும்புள்ளிகளாகத் தெரியும். சிலருக்கு அந்த இடம் வீங்கி, மெத்தென்று, சீழ் கசியும். அதைக் கட்டி என்று நினைத்துக் கீறிவிடுகிறார்கள். கீறக் கூடாது. கீறினால் தழும்பு விழுந்து அந்த இடத்தில் முடியே முளைக்காமல் போகலாம்.

உடம்பில் வரும் படர்தாமரைக்குக் கிறீம் போதும். தலையில் வந்ததற்குப் போதாது, ஏனென்றால் பூஞ்சணம் முடியின் வேருக்குள் இருக்கிறது. வைத்தியர் எழுதித்தரும் விழுங்கும் மருந்தைப் பல வாரங்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். முடி முளைக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடக் கூடாது. ஆகவே வட்டமாக முடி உதிர்ந்த பிள்ளையை வீட்டு வைத்தியத்தில் வைத்திருக்க வேண்டாம்.

‘எல்லாத் தோல் வருத்தத்துக்கும்’ என்று கடையில் விற்கும் ஸ்டீரொயிட் கலந்த கிறீம்களைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். பூசியதும் அரிப்பும் சிவப்பும் மறையும். உள்ளே பூஞ்சணம் பரவும்.

இது பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு, சீப்பு, தொப்பி வழியாகத் தொற்றும். பூனை, நாய்க் குட்டிகளிலிருந்தும் வரும். வீட்டுக் குட்டிக்கு முடி கொட்டிய வட்டம் இருந்தால் பிள்ளைகளைத் தூக்கி விளையாட விட வேண்டாம்.

சொறிந்து உண்டாகும் புண்

அரிப்பு எதனால் வந்தாலும், நகம் பட்ட இடத்தில் கிருமி புகுந்தால் தேன் நிறப் பொருக்கோடு புண் வரும். நெறி கட்டும், காய்ச்சலும் வரலாம். இலேசாக ஒன்றிரண்டு புண் என்றால், கொதித்தாறிய வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பொருக்கின் மேல் பத்து நிமிடம் வைத்து, இளகியதும் மெதுவாக எடுத்து, சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். நாளைக்கு இரண்டு முறை செய்யுங்கள். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். துவாயைத் தனியாக வையுங்கள். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால், அல்லது புண் பல இடத்தில் இருந்தால், கிருமிகொல்லி மருந்து தேவை.

இந்தப் புண்ணைச் சாதாரணமாக விடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. சில கிருமிகளால் வந்த தோற்புண், ஆறிச் சில வாரங்களுக்குப் பின்னும் சிறுநீரகத்தைத் தாக்கலாம். புண் இருந்த பிள்ளையின் முகம் காலையில் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் போனாலோ, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். புண்ணுக்குக் காரணமான பேனையோ பொடுகையோ கவனிக்காமல் புண்ணுக்கு மட்டும் மருந்து போட்டால் மீண்டும் வரும்.

வேறு சில காரணங்கள்

தலைச்சாயம். கறுப்புச் சாயங்களிலும் ‘கறுப்பு மருதாணி’யிலும் உள்ள ஒரு இரசாயனம் சிலருக்கு ஒவ்வாது. பூசி ஒன்று முதல் மூன்று நாளில் நெற்றி ஓரம், காது, கண் இமை வீங்கி அரிக்கும். பத்து வருடம் பாவித்தவருக்கும் திடீரென வரலாம். திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ பூசுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே காதுக்குப் பின்னால் சிறிது பூசிப் பாருங்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அந்தச் சாயத்தை இனித் தொடவே கூடாது.

கூடைக் கயிறும் தலைத்துணியும். கயிறு அழுந்தும் இடத்தில் தோல் சிவந்து முடி மெலிந்தால், கயிற்றுக்கும் தலைக்கும் நடுவே மடித்த பருத்தித் துணி வையுங்கள். கயிறு படும் இடத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டிய கொண்டையைத் தளர்த்துங்கள். இரண்டு தலைத்துணி வைத்துக்கொண்டு நாளுக்கொன்றாக மாற்றித் துவையுங்கள். வேலை முடிந்ததும் ஈரமுடியை அவிழ்த்துக் காயவிட்டபின் படுங்கள்.

மருந்தடிப்பு. தலைத்தோல் முன்கைத் தோலைப் போன்றதல்ல. ஒரு பூச்சிகொல்லியை வைத்துச் செய்த ஆய்வில், முன்கையைவிட மூன்று மடங்குக்கும் மேலாகத் தலைத்தோல் அதை உறிஞ்சியது கண்டறியப்பட்டது. ஆகவே மருந்தடிப்பவர் தலையை மூடிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும். அந்தத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

சிரங்கு. இரவில் உடம்பெங்கும் அரிப்பு, விரலிடுக்கில் சிறு கொப்புளம் என்றால் இது சொறிச் சிரங்கு. பெரியவர்களுக்குத் தலையில் வருவது அரிது, கைக்குழந்தைக்குத் தலையிலும் வரும். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் சிகிச்சை செய்தால் மட்டுமே தீரும்.

சொரியாசிஸ். தடித்த, வெள்ளித் தகடு போன்ற செதில் நெற்றி எல்லையைத் தாண்டி வந்து, முழங்கை, முழங்காலிலும் இருந்தால் இது சொரியாசிஸ் ஆகலாம். இது தொற்றாது. இந்த வருத்தம் உள்ளவரின் தட்டையும் பாயையும் ஒதுக்கி வைப்பது அநியாயம். இதற்கு நீண்டகால வைத்தியம் உண்டு.

தலையில் வைக்கவே கூடாதவை

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மண்ணெண்ணெய், பெற்றோல்: தோலை எரித்துப் புண்ணாக்கும். அதன் ஆவி தீப்பிடிக்கும். குப்பி விளக்கும் விறகு அடுப்பும் உள்ள சிறிய அறையில், மண்ணெண்ணெய் பூசிய தலையோடு பிள்ளை உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

தோட்டத்துப் பூச்சி மருந்து: கிழங்குக்கும் கோவாவுக்கும் அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து பூசினால் பேன் சாகும் என்பார்கள். பிள்ளையும் சாகலாம். மலத்தியோன் பேன் மருந்தாகவும் சில நாடுகளில் பாவிக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அது அளவிட்டுத் தயாரித்த மருந்து. விவசாயப் போத்தலில் உள்ளது பல மடங்கு கடுமையானது. எச்சில் வழிதல், வாந்தி, அதிக வியர்வை, கண்மணி சுருங்குதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை நஞ்சேறியதன் அடையாளங்கள். அப்படி நேர்ந்தால் உடுப்பைக் கழற்றி, தலையையும் உடம்பையும் சவர்க்காரமிட்டு நிறையத் தண்ணீரால் கழுவி, உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். மருந்துப் போத்தலின் லேபலையும் கொண்டுபோங்கள். வாகனம் எதுவரை வரும், அங்கு யார் தூக்கிவருவது என்பதை உங்கள் லயத்தில் இப்போதே பேசி வையுங்கள்.

சீத்தாப்பழ விதை: அன்னமுன்னா விதை என்றும் சொல்வர். இதை அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். துளி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கி, தாங்க முடியாத வலி தரும். பார்வையும் பாதிக்கப்படலாம். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து வைத்தியசாலைக்குப் போங்கள்.

கற்பூரம் கலந்த எண்ணெய்: சிறு பிள்ளைகளுக்குக் கற்பூரம் நஞ்சு. உடம்பில் ஏறினால் வலிப்பு வரலாம். சொறிந்த புண் வழியாக அது உள்ளே போவது எளிது.

எலுமிச்சைச் சாறு: புண்ணில் எரியும். பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கறுத்துக் கொப்பளிக்கும்.

அப்படியானால் நம் பாட்டிமாரின் வைத்தியமெல்லாம் வீணா? இல்லை. வெந்தயம் ஊறவைத்து அரைத்துத் தலைக்குக் குளிப்பது பலருக்குக் குளிர்ச்சி தரும். வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவுவதில் பெரிய கெடுதல் இல்லை. இவற்றை ஆறுதலுக்குச் செய்யலாம், ஆனால் பேனுக்கோ படர்தாமரைக்கோ இவற்றை மட்டும் நம்பி நாளைப் போக்கக் கூடாது. பாட்டியின் மிகச் சிறந்த வைத்தியம், மாலை நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து பேன் பார்த்ததுதான். ஈரச் சீப்பு முறை அதன் மறுபிறப்பே.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

- காய்ச்சலோடு தலையில் சீழ்ப்புண் இருந்தால்
- பிடரியில் நெறி கட்டி வலித்தால்
- வட்டமாக முடி உதிர்ந்தால், மெத்தென்ற வீக்கம் வந்தால்
- முகமோ கண்ணோ வீங்கினால், மூச்சு விடக் கஷ்டப்பட்டால்
- சிறுநீர் கறுத்தால்
- கைக்குழந்தைக்குப் பரவலாகப் புண் வந்தால்
- நீரிழிவு உள்ளவரின் தலைப்புண் ஆறாவிட்டால்
- வீட்டுச் சிகிச்சையை ஒழுங்காகச் செய்தும் நான்கு வாரத்தில் குணமில்லாவிட்டால்

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் வைத்திய உதவியாளரைப் பாருங்கள். அவர் எழுதித் தரும் துண்டோடு அரசாங்க வைத்தியசாலைக்குப் போகலாம். ஹற்றன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும், மேற்பகுதியினருக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை. இடம்பெயர்ந்து வந்தவர் வேறு தோட்டத்தில் பதிவுள்ளவர் என்பதற்காக அங்கே உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. கிளினிக் அட்டை மண்ணோடு போயிருந்தாலும் போங்கள். புதிய அட்டை எழுதிக்கொள்ளலாம். பாவித்த மருந்துகளின் வெற்று டியூப்பையும் பக்கற்றையும் கையோடு கொண்டுபோனால் வைத்தியருக்கு உதவியாக இருக்கும்.

ஒன்றாகச் செய்தால் ஒருமுறையில் முடியும்

பேனைத் தனி வீடாக நின்று ஒழிக்க முடியாது. நம் பிள்ளையின் தலையைச் சுத்தமாக்கி, பக்கத்துக் காம்பராப் பிள்ளையை விட்டுவிட்டால் அடுத்த வாரம் அது திரும்பி வரும். ஆகவே மாதர் சங்கமோ முகாம் குழுவோ ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கட்டும். லயத்தில் உள்ள எல்லாத் தலைகளும், ஆண், பெண், முதியோர் என்ற வேறுபாடின்றி, அன்று பார்க்கப்படட்டும். பத்துக் குடும்பம் சேர்ந்து நான்கு நல்ல பேன் சீப்பும் ஒரு பெரிய கண்டிஷனர் போத்தலும் வாங்கினால் தலைக்குச் சிறு தொகையே வரும். சீப்பை ஒவ்வொரு தலைக்குப் பின்னும் சுடுதண்ணீரில் போடுங்கள். மீதி மூன்று நாட்களையும் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளைக்காம்பராவைப் பார்க்கும் பெண்ணையும் வகுப்பாசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று ஒரு விதியை மட்டும் கடைப்பிடியுங்கள். யாருடைய தலையில் என்ன இருந்தது என்பதை வெளியே பேசக் கூடாது. பேன் பார்க்கும் கை அன்பான கையாக இருந்தால் பிள்ளை தலையைக் கொடுக்கும். ஏளனம் செய்தால் மறைக்கும், மறைத்தால் பரவும். வீடும் காணியும் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டிய நிலையில் நம் குடும்பங்கள் இருக்கின்றன. தலையில் உள்ளதைத் தீர்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிறே தொடங்கலாம்.